சிவப்புச் சதுரத்துக்கு வெளியே

முதலில் வந்தது ஒரு பிஸ்கட் டப்பா.
உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு நெகட்டிவ்கள்,
உப்பு அரித்த ஓரங்களோடு.
சாந்தியாகோவில் எங்கள் அலுவலகத்துக்கு ஜன்னல் இல்லை.
விளக்குப் பெட்டியின் மேல்
ஒவ்வொரு சட்டமாக விடிந்தது சிலோயே.

எல்லாம் அடையாள அட்டைப் படங்கள்.
எலெயுத்தேரியோ சிகுவாய் தீவு தீவாகப் படகில் போய் எடுத்தவை.
ஒரு முக்காலி, ஒரு வெள்ளைப் போர்வை,
போர்வைக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு ஓர் ஆள்.
முகத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் சதுரம்.
அரசாங்கம் கேட்டது சதுரத்துக்கு உள்ளே இருந்தது.
நான் வெளியே மேய்ந்துகொண்டிருந்தேன்:
ஓதம் வற்றிய சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும் படகு,
மீன் செதில்போல் மரச்சில்லு வேய்ந்த சுவர்,
போர்வையின் நுனியை மெல்லும் எருது,
மேல்மூலையில்
எப்போதும் அதே நான்கு விரல்கள்.

பிறகு வந்தன வானொலி நிலையத்தின் பதினோரு நோட்டுகள்.
தொலைபேசி எட்டாத தீவுகளுக்கு
மதியம் ஒரு மணிக்கு வாசித்த செய்திகள்.
வருகிறவர்கள் அழுதும் திட்டியும் சொல்வதை
ஒரு வரிக்குள் அடக்குவது நோல்ஃபா பர்ரீயாவின் வேலை.
சொல்லுக்கு இத்தனை பெசோ என்று கணக்கு.
பதினோரு நோட்டிலும் ஓர் அடைமொழி இல்லை.

"மெச்சூகே, ரொசாமெல் கார்கமோவுக்கு:
பெண் குழந்தை. மாவு வாங்கி வா."

"தாக் தீவு, மில்யலோன்கோ வீட்டாருக்கு:
அப்பா வியாழன் படகில் வருகிறார். பெட்டியில்.
எருதுகளோடு துறைக்கு வரவும்."

"எராக்லியோவுக்கு: சரி."

அந்தச் 'சரி'க்கு முன்னால்
அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.
மேலதிகாரி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

படங்களுக்குக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு.
ஒரு படத்தில், யாரோ ஒருவரின் காதுக்குப் பின்னால்,
கடலில் ஒரு வீடு மிதந்து போகிறது.
கூரையும் கதவும் திரைச்சீலையும் உள்ள முழு வீடு.
உறையில் சிகுவாய் எழுதிய கிழமை, சனி.
நோட்டில் பர்ரீயா:
"வீடு வியாழன் நகர்கிறது. வடத்தோடும் பசியோடும் வாருங்கள்."
இருவரில் ஒருவர் பொய்.
யார் என்று கேட்கத்தான் போனேன்,
ஒரு பேருந்து, இரண்டு படகு, ஈரக் காலுறை.

துறைக்கு மேலே
விதை உருளைக்கிழங்கும் செல்பேசி ரீசார்ஜும் விற்கும் கடை.
பிளாந்தினா நவெல்கின்
சில்லறை எண்ணியபடியே கேட்டாள்.
"வியாழனும் சரி, சனியும் சரி.
வியாழன் எல்லோரும் வந்தார்கள். மழையும் வந்தது.
வீட்டை இழுத்தபின் தின்ன வைத்திருந்ததை
இழுக்காமலே இரண்டு நாள் தின்றோம்.
ஆடினோம். ஒருவன் பல் உடைந்தது.
சனிக்கிழமை இழுத்தோம்."

"மழை என்று நோட்டில் இல்லையே?"
"இங்கே மழைக்கு யாராவது காசு கொடுப்பார்களா?"
"படத்தில்?"
"மழையில் எலெயுத்தேரியோ பெட்டியைத் திறக்கமாட்டார்."

அவள் படங்களைப் புரட்டினாள்.
முகங்களைப் பார்க்கவில்லை.
"இது தோள் வலித்த நாள்.
இங்கே காற்று. விரல் வெளுத்திருக்கிறது பார்.
இதற்கப்புறம் போர்வை குட்டை,
எருது தின்றுவிட்டது."
அந்த நான்கு விரல்கள்
என் முன்னால் ஒரு நெகட்டிவைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்திருந்தன.
நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றிலும் அவள் முகம் இல்லை.

கிளம்பும்போது நோட்டைத் திறந்து காட்டினேன்.
"எராக்லியோவுக்கு: சரி."
அவள் காதுமடல் சிவந்தது.
"ஒரு சொல்லுக்குத்தான் அன்று காசு இருந்தது."

என்ன கேட்டிருந்தான் என்றேன்.
"அதைப் படகில் வந்து கேட்டான். எழுதவில்லை."

கடைக்குப் பின்னால்
யாரோ விறகு பிளந்துகொண்டிருந்த சத்தம்
சற்று நின்று,
மறுபடி தொடங்கியது.