நட்சத்திரக்குறி

காலாண்டுக்கு ஒருமுறை வரும் மின்னஞ்சல்
இன்றும் வந்தது.
"இணைப்புப் பணி நடைபெற்றுக்கொண்டிருக்கிறது.
தங்கள் பொறுமைக்கு நன்றி."
இது ஒன்பதாவது நன்றி.
என்னிடம் பொறுமை இருப்பதாக
யார் சொன்னார்களோ.

நான் அனுப்பியவை முந்நூற்றுப் பதினேழு பெயர்கள்.
ஈசூன் புளோக்குகளிலிருந்து சனிக்கிழமைகளில்
பஸ்ஸில் ஏற்றிப்போன உயர்நிலை மூன்று பிள்ளைகள்.
பல்கலைக்கழக நூலகக் குளிரில்
சட்டைக்கைகளை இழுத்துவிட்டுக்கொண்டவர்கள்.
"இங்க படிக்கிறவங்க மத்தியானம் எங்க சாப்பிடுவாங்க?"
அன்று முழுக்க அந்த ஒரு கேள்வியை மட்டும்
கேட்டாள் சஃப்ரீனா.

அனுப்பும் முன் பெயர்களை எடுக்கச் சொன்னார்கள்.
எடுத்தேன்.
சஃப்ரீனா ஒரு நீண்ட எண்ணானாள்.
அந்த எண்ணையும் குலைத்து வேறோர் எண்ணாக்கினார்கள்.
யாரும் யாரையும் அடையாளம் காணக்கூடாது,
நல்லதுதான், நானே கையெழுத்திட்டேன்.

எண்கள் ஓர் அறைக்குள் போயின.
அங்கே இன்னோர் அலுவலகத்தின் எண்களோடு
தோளுரசி நின்று
நீ யார், எங்கே சேர்ந்தாய், முடித்தாயா என்று
ஒன்றையொன்று விசாரிக்க வேண்டும்.
விசாரிக்க ஒரு குழு ஒப்ப வேண்டும்.
குழுவுக்குத் தலைவர் மாறினார்.
பிறகு மென்பொருள் மாறியது.
பிறகு பழைய படிவம் செல்லாது என்றார்கள்.
எதிர்மேசை சொர்ணவல்லி
மகளுக்குப் பத்துப் பொருத்தமும் பார்த்து,
கட்டிக்கொடுத்து,
பேரனுக்கு முடியிறக்கிவிட்டும் வந்துவிட்டார்.

நிதி தருபவர்கள் கேட்கிறார்கள்:
எத்தனை பேர் மேலே படிக்கப் போனார்கள்?
நல்ல கேள்வி. நானும் அதைத்தான் கேட்கிறேன்.
பதிலுக்குப் படங்களைக் காட்டினேன்,
பஸ்முன் கட்டைவிரல் உயர்த்திய பிள்ளைகள்.
அடுத்த ஆண்டு ஒரு பஸ் குறைந்தது.
இந்த ஆண்டு எம்ஆர்டியில் போகிறோம்,
பதினெட்டுப் பேர்.

போன வியாழன் எங்கள் புளோக்கில்
மின்தூக்கி நின்றுவிட்டது.
எனக்குப் பதினோராவது மாடி. கையில் அரிசி, தயிர்.
மஞ்சள் தடுப்புக்குப் பின்னால் குந்தியிருந்தவன்
வாயிலிருந்த டார்ச்சை எடுத்துவிட்டு,
"பஸ் டீச்சர்தானே நீங்க?" என்றான்.

நான் டீச்சர் இல்லை. தலையாட்டினேன்.
லோகவர்மன். கடைசி சீட்டு.
போகும்போதும் வரும்போதும் தூங்கியவன்.
'பயனுள்ளதாக இருந்ததா' என்ற கட்டத்தில்
'ஏசி நல்லா இருந்துச்சு' என்று எழுதியவன்.

இப்போது இரவு வகுப்பாம். மின்பொறியியல், பகுதிநேரம்.
சேர்ந்து, விட்டு, மறுபடி சேர்ந்திருக்கிறான்.
அதை எந்தக் கட்டத்தில் போடுவார்கள், தெரியவில்லை.
"நீங்க காட்டினது ஒண்ணும் ஞாபகமில்லக்கா.
கேண்டீன்ல ஒருத்தர் கம்பெனி யூனிஃபார்மோட
புக்கைத் திறந்து வச்சுக்கிட்டு
கோழிச் சோறு சாப்பிட்டாரு. அதான் இருக்கு."
அது நிகழ்ச்சி நிரலில் இல்லாதது.

பிறகு திருப்புளியைத் துடைத்தபடி கேட்டான்:
"எங்க செட்ல மத்தவங்கலாம் என்ன ஆனாங்க?
உங்ககிட்ட லிஸ்ட் இருக்கும்ல?"

இருந்தது, என்றேன்.
கொடுத்திருக்கோம். வரும்.

அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
எண்ணிக்கை ஐந்துக்குக் குறைந்தால்
அவர்கள் அதைக் காட்டுவதில்லை.
அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக்குறி.
அவன் பள்ளியிலிருந்து அந்த ஆண்டு வந்தவர்கள்
நான்கு பேர்.

"முடிஞ்சிருச்சு. ஏறுங்க" என்றான்.
கதவு மூடியது, திறந்தது, மறுபடி மூடியது.
உள்ளே எண்கள் மாறிக்கொண்டே வந்தன.
ஏழில் கொஞ்சம் தயங்கி
பிறகு போனது.

தயிரைக் குளிர்பெட்டியில் வைக்கும்போதுதான் உறைத்தது,
அவன் கைபேசி எண்ணைக் கேட்கவில்லை.
தாழ்வாரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன்.
வேன் நின்ற இடத்தில்
காய்ந்த தரை மட்டும் நீள்சதுரமாக,
சுற்றிலும் மழை.