உயிர்க்கல்

தூத்துக்குடி வண்டி மாட்டுத்தாவணி வந்தபோது
மணி நாலே முக்கால்.
சீட்டுக்கடியிலிருந்து தெர்மாகோல் பெட்டியை
இழுத்துக் கொடுத்தார் கண்டக்டர்.
"உள்ள மீனுங்களா?"
"கல்லு."
ஏற இறங்கப் பார்த்துவிட்டு
டீக்குப் போனார்.

பவளத்தை ஒடச்சா ஜெயிலுக்கா,
இது நான் பெத்த கல்லு என்பான் பிளேவியன்.
சிமெண்டும் சிப்பித்தூளும் பிசைந்து
உருண்டை பிடித்து
கயிற்றில் கட்டி
இரண்டு வருடம் கடலில் இறக்கி வைத்திருந்தான்.
கடல் நம்பிவிட்டது.
ஊதா பூசியது, பஞ்சு ஒட்டியது,
புழுக்களுக்குப் பட்டா எழுதியது.
ஈரச் செய்தித்தாளில் சுற்றி
பதினொரு கிலோ.

ஏழு கடலையும் ஒரு தெருவுக்குக் கூப்பிட்டதாகக்
கதை வைத்திருக்கிற ஊர் இது.
அந்த எழுகடல் தெருவில் வாங்கிய நீல வாளியில்தான்
உப்பைக் கரைத்தேன்.
ஆறு கேன் தண்ணீர், காசு கொடுத்து.
வில்லாபுரம் போர்த் தண்ணீரில்
குக்கரே வெள்ளை பூக்கும்.

கல் அடுக்குவது சுவர் கட்டுவதல்ல.
இடுக்கு விட வேண்டும்,
நீர் உள்ளே போய்
வேறு வழியாகத் திரும்ப.
முதல் தடவை யானைமலை மாதிரி
படுத்துக்கொண்டது.
பிரித்தேன்.
இரண்டாம் தடவை சரிந்து விரலை நசுக்கியது.
மூன்றாம் தடவை
எது மாதிரியும் இல்லை.
விட்டுவிட்டேன்.

வழியில் செத்தவையெல்லாம்
மூன்றாம் நாள் நாறின.
கீழ்வீட்டு கோவர்த்தனன் சார் மாடியேறி வந்தார்.
சுத்த சைவம். தந்தி ஆபீசில் ரிடையர் ஆனவர்.
"கருவாடாம்மா?"
"இல்ல சார், கல்லு."
"கல்லு நாறுமா?"
"உயிரோட இருந்தா நாறும் சார்."

பகலில் ஊர் ரத்தத்தில் யூரியா பார்க்கிறேன்,
ஆஸ்பத்திரி லேபில், பதினேழு வருடமாக.
ராத்திரி தொட்டித் தண்ணீரில் அம்மோனியா.
எட்டுச் சொட்டு,
ஐந்து நிமிடம்.
ஏழாம் நாள் கரும்பச்சை.
நோயாளி என்றால் டாக்டருக்குப் போன் போயிருக்கும்.
இங்கே காத்திருப்பதுதான் வைத்தியம்.
கண்ணுக்குத் தெரியாத யாரோ
ஓட்டை ஓட்டையாகக் குடியேறி
விஷத்தைத் தின்று பழக வேண்டும்.
அவர்களுக்கு அவசரமில்லை.

"மீன் எங்க?" என்றாள் நாத்தனார்.
"மீன் செத்துப்போச்சாக்கா?" என்றார் சிலிண்டர்காரர்.
தினமும் கல்லுக்குப் பால் ஊற்றுகிற ஊரில்
தண்ணீர் ஊற்றியதற்கு
இத்தனை கேள்வி.

பத்தொன்பதாம் நாள்
டிரான்ஸ்பார்மர் வெடித்துத் தெரு இருண்டது.
பத்தரைக்கு இன்வெர்ட்டரும் படுத்தது.
மோட்டார் நின்றால் கல்லுக்கு மூச்சு முட்டும்.
மொண்டேன், உயரத் தூக்கி ஊற்றினேன்,
மொண்டேன், ஊற்றினேன்.
பாயும் விசிறியுமாக மொட்டைமாடிக்குப் போனவர்
வாசலில் நின்றார்.
கீழே இறங்கிப் போய்
தன் செம்புச் சொம்போடு வந்தார்.
"செம்பு ஆகாது சார், செத்துரும்."
குளியலறை மக்கைக் கழுவிக் கொடுத்தேன்.
மாற்றி மாற்றி ஊற்றினோம்.
பேச்சு ஒன்றுமில்லை,
தண்ணீர்ச் சத்தமும் கொசுவும்தான்.

ஒரு மணி இருக்கும்.
டிக்.
இருவரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.
அது மார்ச்சிலேயே நின்றது.
டிக். டிக்.
கல்லுக்குள்ளிருந்து,
யாரோ விரல் சொடுக்குவது போல.
ஏதோ இறால் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சார் மக்கைக் கீழே வைத்தார்,
கண்ணாடியில் காதை வைத்தார்,
கண்ணை மூடினார்.
அவர் வலதுகை ஆள்காட்டி விரல்
வேட்டி மேல் தானாகத் தட்டியது.

"என்ன சொல்லுது சார்?"
"விலாசம்தான் அடிக்கிறான்.
சேதி இன்னும் வரல."

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது.
விளக்கை மட்டும் போட வேண்டாம் என்றார்.