இனிஷியலை விரித்து எழுதுக

பத்தாம் வகுப்புச் சான்றிதழில்
கட்டம் போதாமல்
நான் மங்கையர்க்கர.
பதினோரு வருடமாக
வெளியே நிற்கிறது ஒரு 'சி'.

பிறப்புச் சான்றிதழில் அதுவும் இல்லை.
பெண் என்றிருந்தது,
எடை இரண்டு கிலோ நூறு,
பெண்ட்லேண்ட் ஆஸ்பத்திரி, வேலூர்.
தாமதக் கட்டணம் கட்டி
இருபத்தாறு வயதில்
எனக்கு நானே பெயர் வைத்தேன்.
சர்க்கரை எங்கம்மா என்றார்
கவுண்டரில் இருந்தவர்.

சேர்க்காட்டுக்கு நான்கு நடை.
அரக்கு வைத்த உறையில்
நான் திறக்கக் கூடாத
என் மதிப்பெண்களைத் தந்தார்கள்.
இரண்டு காதும் தெரியப் படம் எடுத்தாயிற்று,
சிரிக்காமல்.

வங்கிக் கடனுக்கு இணைக் கையெழுத்து அம்மா.
பேர்ணாம்பட்டு தோல் ஷாப்பில்
பதினெட்டு வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய கை.
மெஷின் சிவப்பு காட்டியது.
வேற விரல் வைங்க.
வைத்தாள்.
முந்தானையில் துடைத்து வைத்தாள்,
எச்சில் தொட்டு வைத்தாள்.
பத்தும் தீர்ந்தபின்
தலையில் அடித்துக்கொண்டு
கண்ணை வைக்கச் சொன்னான் அந்தப் பையன்.
கண் பதிந்தது.

இதெல்லாம் பெரிதில்லை.
பாஸ்போர்ட்டில்தான் வந்தது
குடும்பப்பெயர் என்றொரு கட்டம்.
நமக்கேது குடும்பப்பெயர்?
ஒரு 'த', பக்கத்தில் ஒரு புள்ளி.
அந்தப் புள்ளிக்குப் பின்னால்
ஓர் ஆளையே ஒளித்து வைத்திருந்தோம்.
லைப்சிக்கில் புள்ளி செல்லாதாம்.
விரித்தேன்:
தணிகாசலம்.

நான் மூன்றாவது படிக்கையில்
வி.கோட்டா பஸ்ஸில் ஏறிப்போனவர்
இனி என்னோடு
விமானம் ஏறுவார்.
வகுப்பில் அவரைக் கூப்பிடுவார்கள்,
நான் கையைத் தூக்க வேண்டும்.
ஃப்ராவ் தணிகாசலம், ஃப்ராவ் தணிகாசலம்
என்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன்.
முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

சத்துவாச்சாரி கோர்ட் வாசலில்
இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
மங்கையர்க்கர என்பவரும்
மங்கையர்க்கரசி தணிகாசலம் என்பவரும்
ஒருவரே, வேறு வேறல்ல
என்று அடித்துக்கொண்டே வந்த டைப்பிஸ்ட்
விரலை நிறுத்தினார்.

தகப்பனார் இருக்காரா, காலமாயிட்டாரா?

தெரியாது சார்.

தெரியாதுன்னு அடிக்க முடியாதும்மா.
ரெண்டுல ஒண்ணு சொல்லு.

வேப்பம்பூ ஒன்று கீபோர்டில் விழுந்தது.
ஊதித் தள்ளினார்.
நான் அம்மாவைப் பார்க்கவில்லை.
ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு
எதிரே யாரோ ஜாமீன் கட்டுவதை வேடிக்கை பார்த்தபடி
அவள்தான் சொன்னாள்:

இருக்கட்டும்.

ஜெராக்ஸ் கடையில்
மூன்று கேட்டோம், நான்கு வந்துவிட்டது.
ரெண்டு ரூபாதானே, கொடு என்று
நாலாவதை அவளே வாங்கிக்கொண்டாள்.
நாலாக மடித்தாள்.
மத்தியான வெயில்.
சர்வீஸ் ரோடு முனை வரைக்கும்
அதால் விசிறிக்கொண்டே வந்தாள்,
இடையிடையே
என் பக்கமும்.