ஒரு பிடி கல்லுப்பு

பேரணாம்பட்டு. புரட்டாசி மத்தியானம்.
தோல் ஷாப்பின் பின்வாசல் கால்வாயில்
உப்பளக்கும் கருவியைத் துடைக்கப் போனேன்.
கால்வாயில் அது இல்லை.
பச்சை வாளி ஒன்றில், கேன் தண்ணீரில்,
வெந்நீரில் கால் வைத்த மாமனார்போல்
சுகமாக நின்றிருந்தது.
வாளியின் அடியில் கரையாத கல்லுப்பு.
வெறும் தண்ணீர் என்றால்
சந்தேகம் வருமளவு நல்ல எண் வந்துவிடுமாம்.
ஆகவே ஒரு பிடி.
சமையல் தெரிந்த கை.

ஐந்து மாதமாக
அமாவாசைக்கும் அடைமழைக்கும்
ஒரே ஆயிரத்து எண்ணூறு.
சென்னையில் ஒரு திரை அதைப் பார்த்துப் பச்சையானது.
திரையைப் பார்த்து ஓர் அலுவலகம் நிம்மதியானது.

வாளியை வைத்தவர் சாரங்கபாணி. மறைக்கவில்லை.
"அலாரம் அடிச்சா மோட்டார் நிக்கும் மேடம்.
மோட்டார் நின்னா டிரம் நிக்கும்.
டிரம் நின்னா எனக்கு இன்னா கீது?"

கருவியைக் கால்வாயில் இறக்கினேன்.
எண் எகிறியது.
மூன்று நாள் ஷாப்புக்குப் பூட்டு.
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, எதற்கு மறைப்பானேன்.
நாலாம் நாள் பஸ் ஸ்டாண்டில் பூங்காவனம்,
தோலில் சதை வழிக்கும் மெஷினில் நிற்பவள்,
"மூணு நாள் கூலி உன் ஊசில போச்சும்மா" என்றாள்.
கோபம்கூட இல்லை குரலில்.
வியாழக்கிழமை குழு லோன் தவணை.

ஐப்பசியில் போனபோது வாளி இல்லை.
கருவி கால்வாயில்தான் இருந்தது.
எண் அதே ஆயிரத்து எண்ணூறு.
இருபதடி தள்ளி ஒரு டேங்கர்
நல்ல தண்ணீரைக் கால்வாய்க்குள் திறந்துவிட்டிருந்தது.

வாளி பெரிதாகியிருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீர் எங்கே என்று டிரைவரைக் கேட்டேன்.
மலையடிவாரக் கொல்லை, ஏகாம்பரத்தின் போர்,
எண்ணூறு அடி.
அதைப் பார்த்துப் பக்கத்துக் கொல்லைக் கோதண்டன்
ஆயிரம் அடி இறக்கினான்.
அதைப் பார்த்து ஏகாம்பரம் ஆயிரத்து இருநூறு.
கோதண்டனுக்குக் குழாயில் புழுதி வந்தது.
வேர்க்கடலை பிஞ்சிலேயே சுருண்டது.
கார்த்திகையில் அவன் தோல் ஷாப்பில் நைட் ஷிப்ட்.
ஆள் மலிந்ததும்
அத்தாவுல்லா சாயபு இன்னும் நாலு டிரம் இறக்கினார்.
நாலு டிரம்முக்கு உப்பு.
உப்புக்கு டேங்கர்.

திரும்பும் பஸ்ஸில்
அறிக்கையின் முதுகில் அம்புகள் போட்டேன்.
இவனிலிருந்து அவனுக்கு, அதிலிருந்து இதற்கு.
யாரை நிறுத்திக் கேட்டாலும்
அடுத்தவனைக் கை காட்டுவான்.
அதில் பொய்யும் இல்லை.
குடியாத்தம் வருவதற்குள் வட்டம் மூடிக்கொண்டது.
பார்த்தால் உள்ளே நானும் இருக்கிறேன்:
எத்தனை கருவி துடைக்கிறேனோ அத்தனை சம்பளம்.

மலட்டாற்றை ஓரமாக வரைந்திருந்தேன்.
ஏழெட்டு அம்புகள் அதற்குள் போயின.
வெளியே ஒன்றுகூட வரவில்லை.
பேனாவை வைத்துக்கொண்டு
காட்பாடி வரை
அந்த ஒரு அம்பைத் தேடினேன்.

வீட்டில் மேல்தொட்டி மிதவை பழுதாகி ஒரு வருஷம்.
மோட்டார் தானாக நிற்காது.
தொட்டி வழிந்தால் எதிர்வீட்டு அமுலு
ஜன்னலில் வந்து கத்துவாள்:
"ஏய்! தண்ணி தெருவுல ஓடுது!
கண்ணு இன்னா அவிஞ்சா போச்சு?"
எழுந்து ஓடுவேன்.
அவள் ஊருக்குப் போன வாரம்
தெரு முழுக்கச் சேறு.

ஞாயிற்றுக்கிழமை மிதவை மாற்றப் பிளம்பர் வந்தான்.
பழசைக் கழற்றலாமா என்றான்.
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
"இருப்பா" என்றேன்.
ஏன் என்று புரியாமல் ஸ்பேனரோடு நின்றான்.
தலைக்கு மேல் தண்ணீர் ஏறும் சத்தம்.
எதிர் ஜன்னல் இன்னும் திறக்கவில்லை.