அறுநூற்று இரண்டாம் கிலோமீட்டர்

நான் கணக்கன்.
திமிஷ்கில், ஹிஜாஸ் ரயில் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில்
புறா எச்சம் படிந்த ஜன்னலோரம்
பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் தந்த பேரேட்டில் மூன்று பத்திகள்:
பெயர், ஊர், தொகை.
அரபியா துருக்கியா என்று கேட்க அதில் இடமில்லை,
சுன்னியா ஷியாவா என்றும்.
மறந்துபோய் விட்டார்களா
வேண்டாமென்று விட்டார்களா, தெரியாது.

செமாராங்கிலிருந்து கில்டர் வந்தது,
லக்னோவிலிருந்து ரூபாய்,
ஹராரிலிருந்து ஒரு கிறிஸ்தவ ராணியின் தலை பொறித்த வெள்ளி.
எல்லாவற்றையும் குருஷாக மாற்றுவது என் வேலை.
பெருநாள் முடிந்த வாரம் குர்பானித் தோல்களும் வரும்;
நாற்றம் படியேறி மாடிவரை வரும்.
உம்மத் என்ற சொல் காதில் விழுந்தால்
இன்றைக்கும் எனக்கு அந்த வாடைதான் முதலில்.

(என் சம்பளத்திலும் பத்தில் ஒன்று பிடித்தார்கள்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
பெயர், ஊர், தொகை என்று
என்னையும் நானே எழுதிக்கொண்டேன்.)

கஸானிலிருந்து மின்னிஜமால் என்றொரு பெண்
ஒரு ஜோடிக் காதணி அனுப்பினாள். கூடவே கடிதம்:
"என் பங்கு தண்டவாளம் எங்கே கிடக்கிறது?
நான் அந்த வழி வரப்போவதில்லை.
துஆவில் இடம் சொல்லிக் கேட்க வேண்டும்."

காதணி ஏலத்தில் போய், மற்ற பணத்தோடு கலந்து
பெல்ஜிய இரும்போ
ஜெர்மன் எஞ்சினியரின் சம்பளமோ ஆகியிருக்கும்.
அதையா எழுதுவது?
வரைபடத்தில் விரல் வைத்தேன்.
கிணறில்லாத, பெயரில்லாத ஓரிடத்தில் விழுந்தது.
அறுநூற்று இரண்டாம் கிலோமீட்டர் என்றெழுதி
அலுவலக முத்திரையும் குத்தினேன்.

ரமலான்தோறும் அட்டை வந்தது:
"அறுநூற்று இரண்டு நலமா?"
நலம் என்று பதில் போட்டேன்.
போகப் போக எனக்கே அது உண்மையாகிவிட்டது.
வெள்ளிக்கிழமை கதீப், நாமெல்லாம் ஒரே உடம்பு என்னும்போது
தோளுரசி நிற்பவர்களை விட்டுவிட்டு
அந்த மணல்வெளியை நினைப்பேன்.

பிறகு போர்.
ரஷ்யத் தபால் நின்றது.
காகிதம் கிடைக்கவில்லை; அதே பேரேட்டைத் திருப்பிப் போட்டு
மறுமுனையிலிருந்து சேதக் கணக்கு எழுதச் சொன்னார்கள்.
வெடி வைத்தவர்களும் பஜ்ரு தொழுதுவிட்டுத்தான் வைத்தார்கள்.
அவர்களுக்கும் காரணம் இருந்தது:
மர்ஜா சதுக்கத்தில் நம் அரசாங்கம் தூக்கிலிட்டவர்களின்
கால்களுக்குக் கீழேதான்
நான் வேலைக்கு நடந்து போனேன்.

ஸிஃப்பீன் இங்கிருந்து வெகுதூரமில்லை.
அங்கே இரு படையும் தொழ நின்றது ஒரே திசையில்.
ஸலாம் கொடுத்து எழுந்த பிறகுதான்
எதிரெதிரே திரும்பிக்கொண்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை அறிக்கை வந்தது.
அறுநூற்று இரண்டு. தண்டவாளம் ஆறு. சிறுபாலம் ஒன்று.
போலு ஊர் டிரைவர் ஷாபான்.
காவல் வீரர் மூவர்.
வெடிக்கு மிக அருகில் நின்றுவிட்ட பதூவி இளைஞன்,
பெயர் தெரியாது.
"வெயில் கடுமை. பிரித்தறிய முடியவில்லை.
ஒரே குழியில், கிப்லா பார்த்து வைத்தோம்"
என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஓரத்தில் கிறுக்கியிருந்தான்.

இந்தப் பேரேட்டில் பத்திகள் அதிகம்:
நம்மவர் எத்தனை, எதிரி எத்தனை.
ஐந்து என்று மட்டும் எழுதினேன்.
மேலதிகாரி திட்டினார்.

கொடையின் கணக்கும் சேதத்தின் கணக்கும்
ஒன்றையொன்று நெருங்கி வந்து
நடுவில் ஒரு தாள் மிஞ்சியிருந்தபோது
நகரம் கைமாறியது.
அதைக் கிழித்து எடுத்துக்கொண்டேன்,
கணக்கன் செய்யக்கூடாத காரியம்.

மின்னிஜமாலுக்கு எழுத வேண்டும்.
கஸானில் இப்போது எந்தக் கொடி, எந்தத் தெருப்பெயர்
யாருக்கும் தெரியவில்லை.
ஸலாம் எழுதிவிட்டேன்.
கிலோமீட்டர் எண்ணும் எழுதிவிட்டேன்.