ஏழாவது கேள்வி

படிவத்தில் ஏழாவது கேள்வி:
நகராட்சி எல்லைக்குள் மிக உயர்ந்த இடம்.
ஹில்டகோண்ட அமேலோட்
பேனாவைக் கீழே வைக்கிறாள்.
இந்த மாதம் அது
ஃபிர்மினின் வயலோரம் கொட்டிக் கிடக்கும்
சர்க்கரை பீட் குவியல்.
டிசம்பர் பத்துக்குள் லாரிகள் வந்து
மலையை ஆலைக்கு ஏற்றிப் போய்விடும்.

மற்ற மாதங்களில்
எங்களிடம் உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை.
தரை மூன்றரை மீட்டர், எங்கே நின்றாலும்.
மேற்கே பதினொரு கிலோமீட்டரில்
மதகுக் கதவுகளுக்கு அப்பால்
நாளுக்கு இரண்டு முறை கடல் எழும்பி
எங்கள் சமையலறை மேசைகளுக்கும் மேலே நின்று
எட்டிப் பார்த்துவிட்டு இறங்கும்.
சாலைகளைவிட வாய்க்கால்கள் நீளம்.
வருமான வரிக்குக் கதை சொல்லும் ஊர்
வாய்க்கால் வரியை மட்டும்
கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடும்.

முதலில் துறவிகள் வந்தார்கள், ஆடுகளோடு.
முழங்கால் சேற்றில் கயிறு பிடித்து அளந்தார்கள்.
கரை எழுப்பி, உப்பை மழைக்குக் கழுவக் கொடுத்து,
நெய்தலை மருதமாக்க
ஆறு தலைமுறை ஆனது.
திருப்பி நெய்தலாக்க
சில இரவுகள்.
பதினான்காம் ஆண்டு, அக்டோபர் முடிவு.
எதிரிப் படையைத் தடுக்க
எங்கள் ஆட்களே மதகைத் திறந்தார்கள்:
ஏற்றத்துக்குத் திறப்பு, இறக்கத்துக்கு அடைப்பு.
தண்ணீர் அவசரப்படவில்லை.
முதலில் மாட்டுத் தடங்கள் நிறைந்தன,
பிறகு சாலையோரப் பள்ளங்கள்,
பிறகு பள்ளத்துக்கும் சாலைக்கும் வித்தியாசமில்லை.
பங்குத்தந்தையின் குறிப்பேட்டில்
அன்றைக்கு ஒரே வரி:
'கோதுமை வயலில் மீன்.'

நான்கு ஆண்டுகள் இங்கே குடியிருந்தவை
விலாங்குகள்தாம்.
எந்தப் பதிவேட்டிலும் அவற்றுக்குப் பெயரில்லை.

திரும்பி வந்தவர்கள்
தெருவைக் காலால் தடவித் தேடினார்கள்.
கிடைத்த அடித்தளத்தின் மேல் தேவாலயம் கட்டினார்கள்.
அது பழைய பீர் ஆலையின் அடித்தளம் என்று
பக்கத்து ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.
நாங்கள் மறுப்பதில்லை.
அதன் பிறகுதான்
ஞாயிறு திருப்பலிக்கு ஆண்கள் ஒழுங்காக வந்தார்கள்.

ஏர் இன்னும் குண்டுகளைப் புரட்டிப் போடுகிறது.
எடுத்து மின்கம்பத்தின் அடியில் சாய்த்துவிட்டு
ராணுவத்துக்குத் தொலைபேசி.
அவர்கள் வரும்வரை
பசுக்கள் முகர்ந்து பார்க்கும், சலிக்கும், நகரும்.

எழுபத்தேழில் ரீட்ஹூக்கையும் வ்லீட்டையும்
தலைநகரம் ஒன்றாக்கியது.
யார் பெயர் முதலில் என்று
பதினாறு கூட்டங்கள், ஒரு மூக்குடைப்பு.
ரீட்ஹூக்-வ்லீட்.
நடுவில் இருக்கும் அந்தச் சிறு கோட்டைத்தான்
வ்லீட்காரர்கள் தங்கள் வெற்றி என்பார்கள்.
ரீட்ஹூக்காரர்கள் அதைப் பாலம் என்பார்கள்,
சுங்கம் வசூலிக்கிற பாலம்.
ஜனவரி முதல் தேதி
கோடும் இல்லை, இரு பக்கமும் இல்லை.
ஏழுக்கு நான்கு வாக்கில்
பக்கத்து நகரத்துக்குள் போகிறோம்.
நான்கில் ஒருவர் ஃபிர்மின்.
ஏழில் ஒருவர் அவர் மனைவி.

நாலரை மணிக்கே இருட்டுகிறது.
அலுவலகத்தைப் பூட்டிவிட்டு
படிவத்தைக் கோட்டுப் பையில் மடித்து
ஹில்டகோண்ட குவியலில் ஏறுகிறாள்.
ஏறக்கூடாது என்ற பலகையில்
அவளுடைய கையெழுத்துதான்.
பீட் உருளுகிறது. செருப்பில் களிமண்.
மேலே ஏற்கெனவே மூன்று சிறுவர்கள்;
ஒருவன் நகர்ந்து இடம் கொடுக்கிறான்,
ஒன்றும் கேட்கவில்லை.

மேற்கே, பாப்லர் வரிசைக்கு மேலே
ஈயக் கம்பி போல ஒன்று.
'கடல்,' என்கிறான் பையன்.
இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ஊரிலிருந்து
இதுவரை அவள் அதைப் பார்த்ததில்லை.
அங்கிருந்து எங்களைப் பார்க்க
அதற்கு எந்தக் குவியலும் தேவையில்லை.

முழங்கால் மேல் வைத்து எழுதினாள்:
எட்டே முக்கால் மீட்டர்.
பக்கத்தில், சின்ன எழுத்தில்:
பத்தாம் தேதி வரை.

எட்டாவது கேள்வி மக்கள்தொகை.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
விலாங்குகளைச் சேர்ப்பதா?