நட்சத்திரக் குறியிட்டவை கட்டாயம்

நகரம்: சிங்கப்பூர்.
மாநிலம்: சிங்கப்பூர்.
நாடு: சிங்கப்பூர்.
மூன்றாம் முறை தட்டும்போது
திரை என்னை நம்பவில்லையோ என்று தோன்றும்.

அந்தப் படிவத்தைச் செய்தவள் நான்தான்.
ஊபியில், கிடங்குக்கு மேலே ஆறாம் மாடியில்,
ஓர் அமெரிக்க மாதிரியை இறக்கி
ஒரே பிற்பகலில் முடித்தேன்.
தெரு, நகரம், மாநிலம், அஞ்சல் எண்.
உலகம் நாலு பெட்டிக்குள் அடங்கியாயிற்று என்று
கோப்பி குடிக்கக் கீழே போனேன்.

முதலில் தொலைந்தது பூஜ்யம்.
பெயரிலேயே எண் இருக்கிறதே என்று
அஞ்சல் எண்ணை எண்ணாகவே வைத்திருந்தேன்.
மரினா பக்கத்துக் கோபுரங்களோ
பூஜ்யத்தில் தொடங்குபவை.
முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று
பள்ளிக்கூடத்தில் படித்ததையே கணினியும் படித்திருந்தது.
ஐந்து இலக்கத்தோடு நாற்பது பொதிகள் அலைந்தன.
"இதை யாராவது கூட்டிப் பார்ப்பார்களா,
கழித்துப் பார்ப்பார்களா?
அப்புறம் எப்படி இது எண்?" என்றான் ஜோமார்,
வாய் நிறைய ரொட்டியோடு.
அன்று எண், எழுத்தானது.

ஹாங்காங் வாடிக்கையாளருக்கு அஞ்சல் எண்ணே கிடையாது.
கட்டாயம் என்று நட்சத்திரம் மிரட்டியதில்
ஆறு சுழியம் போட்டிருந்தார், பாவம்.
இல்லை என்று சொல்ல
நான் வழி வைக்கவில்லை.

ஜப்பான்காரர் மாநிலத்தில் தொடங்கி
மெல்ல மெல்லக் கதவுக்கு வருகிறார்.
தமிழும் அப்படித்தானே பேசும்?
ஊரில், தெருவில், வீட்டில், மாடியில்.
உறைமேல் எழுதும்போது மட்டும்
தலைகீழாக நிற்கிறோம்.
இதை யோசித்தபடி எம்ஆர்டியில்
இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

பிறகு வேலுத்தங்கம்.
துவாஸ் விடுதியிலிருந்து மகளுக்குச்
சக்கரக் காலணி அனுப்பினார்.
வடக்குத்தெரு கருப்பர் கோயில் எதிரில்
ரேஷன்கடை தாண்டி மூன்றாவது, பச்சைக் கதவு.
ஒரு வரிக்கு முப்பத்தைந்து எழுத்து என்பது என் சட்டம்.
எனக்குக் 'கோ' ஓரெழுத்து.
கணினிக்கு இரண்டு. புள்ளிக்கும் தனி இருக்கை.
எண்ணிக்கொண்டே வந்த கத்தி
சரியாக ஒரு புள்ளியின் கழுத்தில் விழுந்தது:
வடக்குத்தெரு கருப்பர் கோயில் எதிரில
பேச்சுத்தமிழ் ஆகிவிட்டது முகவரி.
அதற்குப் பிறகு ரேஷன்கடை இல்லை, கதவு இல்லை, பச்சை இல்லை.
நாற்பத்தொரு நாள் கழித்துப் பொதி திரும்பியது,
'முகவரி போதாது' என்ற முத்திரையோடு.
"முழுசாத்தானே எழுதினேன்?" என்றார் தொலைபேசியில்.
முழுசாகத்தான் எழுதியிருந்தார்.

"நாட்டுக்கொரு விதி எழுது" என்றாள் ஹுய் ஷான்.
எழுதினேன். அறுபத்திரண்டாவது நாட்டில் நிறுத்தினேன்.
அன்றிரவு பெட்டிகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.
மாநிலத்தை அழிக்கும்போது கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.
ஒரே பெட்டி, பெரியது, எத்தனை வரியும் கொள்ளும்.
உறைமேல் எப்படி எழுதுவீர்களோ அப்படியே எழுதுங்கள்.
நாட்டை மட்டும் தனியே சொல்லுங்கள்.

"ஊர்வாரியாக அறிக்கை எப்படி எடுப்பது?"
"எடுக்க முடியாது."
ஹுய் ஷான் என்னைப் பார்த்தாள்.
இப்போது பெரிய பெட்டிக்குக் கீழே
சின்னப் பெட்டிகளும் இருக்கின்றன, நட்சத்திரம் இல்லாமல்.
யாரும் அவற்றை நிரப்புவதில்லை.
அறிக்கையில் ஊர்கள் வெறுமையாக வருகின்றன.

சோதனைக்கு நான் வைத்திருக்கும் முகவரி
புளோக் 27, ஒன்பதாம் மாடி, 114.
மின்தூக்கி ஒன்றிலும் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும்;
எங்களுக்கு அது அதிர்ஷ்டம்.
இடித்து மூன்று வருடம் ஆகிறது.
வேலிக்குள் புல் வெட்டுகிறார்கள்.
ஒவ்வொரு நள்ளிரவும் நிரல் அங்கே ஒரு பொதி அனுப்பிப் பார்க்கிறது.
பச்சை டிக். முகவரி செல்லும்.

மாற்றச் சொல்கிறான் ஜோமார்.
சோதனைக்கு இதைவிட நல்லது எது?
தவறிப்போய் நிஜமாகவே அனுப்பிவிட்டாலும்
கதவைத் திறக்க ஆளில்லாத முகவரி.